வலி நின்ற காலை

செத்துப்போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அதெல்லாம் வராது. செதில் அக்கா பிடிவாதக்காரி, வாய்க்கொழுப்பு பிடித்தவள், யார் சொன்னாலும் கேட்காதவள். இதை அவள் உயிரோடு இருந்தபோதே முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். "நீ பேசுறியா? உன் வாய்க்குப் பூட்டுப் போட ஊரே ஆள் தேடிக்கிட்டிருக்கு" என்பாள். இப்போது அப்படித் திருப்பிச் சொல்ல ஆளில்லை. சொல்லாமல் வைத்திருந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது, அதனால் சொல்கிறேன்.

நாங்கள் மீன் வெட்டுகிறவர்கள். மீன் மார்க்கெட்டின் பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே சிமெண்டு மேடையில் வரிசையாக எங்கள் வெட்டுப்பலகைகள் இருக்கும். ஜனங்கள் முன்பக்கக் கடைகளில் மீன் வாங்கிக்கொண்டு பையோடு எங்களிடம் வருவார்கள். செதில் உரசி, செவுள் பிடுங்கி, குடலை எடுத்துவிட்டு, கேட்கிற அளவில் துண்டு போட்டுக் கொடுப்போம். காலுக்குக் கீழே எந்நேரமும் தண்ணீர் ஓடும். ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஏப்ரன், ஆளுக்கொரு ஐஸ் வாளி. என் பலகைக்கு அடுத்த பலகை அக்காவுடையது.

எத்தனை தேய்த்துக் குளித்தாலும் அவள்மேல் எங்காவது ஒரு செதில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். மகள் கல்யாணத்தன்று புதுத்துணி உடுத்திக்கொண்டு வாசலில் நின்றாள். போட்டோ எடுக்கிறவர் கேமராவை இறக்கிவிட்டு, "அம்மா, உங்க ஒரு காதுல மட்டும் ரெண்டு கம்மல் மின்னுதே" என்றார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. அக்கா கொஞ்சமும் அசரவில்லை. காதில் ஒட்டியிருந்த செதிலை எடுத்து என் நெற்றியில் ஒட்டிவிட்டு, "நீயும் போட்டுக்க, வயித்தெரிச்சல் படாதே" என்றாள்.

முன்பக்கக் கடைக்காரர்களுக்கு அவளைக் கண்டால் ஆகாது. காரணம் இருக்கிறது. யாராவது பையைத் திறந்து மீனை எடுத்துப் போட்டால் அவள் கத்தியை எடுக்கமாட்டாள். முதலில் கட்டைவிரலால் மீனின் முதுகில் ஒரு அமுக்கு அமுக்குவாள். பள்ளம் விழுந்து உடனே எழும்பினால் நல்ல மீன். விழுந்த பள்ளம் அப்படியே நின்றால் கெட்ட மீன். "நான் சொன்னா நம்பமாட்டீங்க, நீங்களே அமுக்கிப் பாருங்க" என்று வாங்கி வந்தவரின் விரலைப் பிடித்து மீன்மேல் வைப்பாள். "எழும்பலையே? போய் அவன் மூஞ்சியில வீசிட்டு வேற வாங்கிட்டு வாங்க." இதனால் அவளுக்கும் கடைக்காரர்களுக்கும் வாரத்துக்கு ஒரு சண்டை நடக்கும். அத்தனை சண்டையிலும் அவள்தான் ஜெயிப்பாள்.

அவள் புருஷனை மார்க்கெட்டில் ஐஸ்காரர் என்பார்கள். நான் மாமா என்று கூப்பிடுவேன். ஐஸ் கட்டிகளைச் சாக்கில் போட்டு மரச் சுத்தியலால் உடைத்து எல்லாப் பலகைக்கும் கொண்டுவந்து கொட்டுவது அவர் வேலை. மனுஷன் வாயைத் திறந்து பேசிப் பார்ப்பதே அபூர்வம். "இவருக்கும் சேர்த்து நான் பேச வேண்டியிருக்கு, அதான் எனக்குத் தொண்டை வறளுது" என்பாள் அக்கா. அவர் காதில் விழாத மாதிரி ஐஸைக் கொட்டிவிட்டுப் போவார். அவள் வாளியில் மட்டும் ஒரு கை அதிகமாகக் கொட்டுவார். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டுக்கொள்ளமாட்டோம்.

ஒரே மகள், செருப்புக் கடையில் வேலை செய்கிறவள். அவளுக்குக் குழந்தை பிறந்து அப்போதுதான் குப்புற விழ ஆரம்பித்திருந்தது. பிறந்தபோது ரொம்பச் சின்னதாக இருந்ததால் அக்கா அதற்குக் குண்டூசி என்று பெயர் வைத்தாள். பிறகு அது கொழுகொழுவென்று ஆன பிறகும் குண்டூசிதான். சாயங்காலம் வேலை முடிந்ததும் எலுமிச்சைத் தோலால் இரண்டு கைகளையும் முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவுவாள். "என் பேரன் நாளைக்கு என்னை மீன்வாடைப் பாட்டின்னு கூப்பிடக்கூடாது" என்பாள். வீட்டுக்குள் நுழைந்ததும், "குடு என் கையில" என்பதுதான் முதல் வார்த்தை. அவள் குழந்தையை வாங்கிக்கொண்ட பிறகுதான் மகள் சாப்பிட உட்காருவாள்.

இனி முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு முள் குத்துவது புதிதல்ல. இடது கையால் மீனைப் பிடித்து வலது கையால் வெட்டுகிறோம், அதனால் இடது கை முழுக்கக் குத்துக்காயம்தான். அதிலும் கெளுத்தி மீன் முள் குத்தினால் விண்விண்ணென்று தெறிக்கும். அதை நாங்கள் 'முள்ளு பேசுது' என்போம். கையை ஐஸ் வாளிக்குள் விட்டு உட்கார்ந்துகொள்வோம். குத்து வாங்கியவள் அன்றைக்குக் குடல் தொட்டியைக் கழுவ வேண்டாம், அது எங்களுக்குள் ஒரு வழக்கம். கொஞ்ச நேரத்தில், இல்லாவிட்டால் மறுநாளைக்குள், வலி நின்றுவிடும். உடனே அவள் எழுந்து, "முள்ளு வாயை மூடிடுச்சு!" என்று கத்த வேண்டும். எல்லோரும் கை தட்டுவோம். கத்தியவள்தான் அன்றைக்கு டீ போட்டு எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். வலி இருந்தால் விஷம் இருக்கிறது, வலி போனால் விஷமும் போய்விட்டது. எங்கள் கொட்டகையில் வேறு கணக்கு கிடையாது. அத்தனை பேரின் கையும் அந்தக் கணக்கில்தான் ஆறியிருக்கிறது. பிறகு எப்படிச் சந்தேகம் வரும்?

அன்றைக்கு ஒரு பெரியவர் பை நிறையக் கெளுத்தி கொண்டுவந்தார். அக்கா எப்போதும் இடுக்கியால் முள்ளை ஒடித்துவிட்டுத்தான் தொடுவாள். அன்றைக்கும் ஒடித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு மீன் வழுக்கித் திரும்பி, இடது கட்டைவிரலின் அடியில் குத்திவிட்டது. "சனியனே, செத்தும் கடிக்குறியா" என்று அதைத் திட்டிவிட்டு, ரத்தத்தைப் பிழிந்துவிட்டு, மிச்ச மீனை வெட்டிக் கொடுத்த பிறகுதான் ஐஸ் வாளிக்குள் கையை விட்டாள்.

மத்தியானம் அவள் என்னைக் கூப்பிட்ட குரலே வேறு மாதிரி இருந்தது.

"ஏய் வாயாடி, இங்க வாயேன். இது வேற மாதிரி வலிக்குதுடி."

போய்ப் பார்த்தேன். ஒரு புள்ளி. சுற்றிக் கொஞ்சம் சிவப்பு. அவ்வளவுதான். எங்கள் கைகளில் அதைவிட மோசமானது பத்து இருக்கும்.

"இதுக்கா இந்தச் சத்தம்? உனக்கு வயசாயிடுச்சுக்கா" என்றேன்.

"இல்லடி. எலும்பைப் பிடிச்சு முறுக்குற மாதிரி இருக்கு. ஐஸ்ல வெச்சும் அடங்கல."

ஏப்ரன் ஓரம் கையில் லேசாக உரசியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஐஸ் கட்டி காலில் விழுந்து நகம் பெயர்ந்தபோது உட்கார்ந்து ஜோக்கடித்த பொம்பளை அவள். எதிர்ப் பலகையில் ஒருத்தி, "செதிலுக்கே முள்ளு பேசுதாம்டி, இன்னிக்கு மழை வரும்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கினாள். நான் கூட இருந்தேன். அவளுக்குச் சர்க்கரை இருப்பது அந்த மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும். அதற்கும் மாத்திரை அவரிடம்தான் வாங்குவாள், நினைத்தால் போடுவாள், மறந்தால் விடுவாள். அவர் கையைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை வேற இருக்கு, முகமெல்லாம் வேர்த்திருக்கு. மாத்திரை இருக்கட்டும், ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டுப் போங்கம்மா" என்றார்.

"எதைக் காட்டுறது? டாக்டர் பூதக்கண்ணாடி வெச்சுத் தேடணும்" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததை மகள் எனக்குப் பின்னால் சொன்னாள். அக்கா உள்ளே வந்திருக்கிறாள். குழந்தை அவளைப் பார்த்ததும் கையைக் காலை உதைத்துக்கொண்டு சிரித்திருக்கிறது. அக்கா "குடு என் கையில" என்று சொல்லவில்லை. நேராகப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டதாம், இரண்டு தடவை வாந்தி எடுத்தாளாம். கை மணிக்கட்டு வரைக்கும் வீங்கிப் பளபளவென்று இருந்திருக்கிறது. "அம்மா குழந்தையை வாங்கல சித்தி. அப்பவே எனக்குப் பக்குன்னுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு கெஞ்சினேன். 'முள்ளு பேசுது, நீ உன் வேலையைப் பாரு'ன்னு கத்துனா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். மாமா தன் பங்குக்கு ஐஸைத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த மனுஷனுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் அவள் வேலைக்கு வந்துவிட்டாள். கையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, முகம் வெளுத்து, ஆனால் வாயெல்லாம் சிரிப்பாகக் கொட்டகைக்குள் நுழைந்தாள்.

"முள்ளு வாயை மூடிடுச்சுடி!"

கை தட்டினோம். ஒருத்தி விசில் அடித்தாள். மாமா ஐஸ் மூட்டையை இறக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார். அவர் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "ராத்திரி பூரா உயிரை எடுத்துச்சு. விடியுறப்ப பட்டுன்னு நின்னுடுச்சு. சுத்தமா வலியே இல்ல" என்றாள் அக்கா. டீ போட்டாள். எல்லோருக்கும் வலது கையாலேயே எடுத்துக் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கும்போது டம்ளர் ஆடியது. "கண்ணு இருட்டுதுடி, தூக்கம் இல்லல்ல, அதான்" என்றாள். அந்த டீயை நான் ருசித்துக் குடித்தேன். இன்றைக்கு நினைத்தால் அந்த ருசி தொண்டையில் நிற்கிறது.

முதல் மீன் வந்தது. சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு, வீங்கிய இடது கையால் மீனை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெட்ட ஆரம்பித்தாள். என் பாட்டுக்கு என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தற்செயலாகத் திரும்பினால் அவள் பலகையில் ரத்தம். வெட்டுவது வஞ்சிரம், அதில் அவ்வளவு ரத்தம் வராது.

"அக்கா, என்ன இது?"

"மீன் ரத்தம்தான்."

"மீன் ரத்தமில்லக்கா. உன் விரலைப் பாரு!"

ஆள்காட்டி விரலில் கத்தி எலும்பு தெரிகிற அளவுக்கு இறங்கியிருந்தது. அவள் வெட்டிக்கொண்டேதான் இருந்தாள். விரலைத் தூக்கிப் பார்த்தாள். யாரோ ஒருத்தருடைய விரலைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியவே இல்லையேடி" என்றாள்.

அப்போதுதான் கையைச் சரியாகப் பார்த்தேன். உள்ளங்கை நீலம் பாரித்துக் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. புறங்கையில் கொப்புளங்கள், அவற்றுக்குள் கருப்பாக நீர். வீக்கம் முழங்கையைத் தாண்டி மேலே ஏறியிருந்தது. ஒரு நாளில் ஒரு புள்ளி இப்படி ஆகுமா? நான் "மாமா!" என்று போட்ட சத்தத்தில் முன்பக்கக் கடைக்காரர்களெல்லாம் ஓடி வந்தார்கள். அவள் எத்தனையோ தடவை வம்புக்கு இழுத்த ஒரு கடைக்காரர்தான் மீன் ஏற்றும் வண்டியிலிருந்து பெட்டிகளைத் தரையில் தள்ளிவிட்டு, "ஏத்துங்க, ஏத்துங்க" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் எங்களை உட்காரச் சொல்லவில்லை. ஒரு பெண் டாக்டர் கையைப் பார்த்தார். அக்காவின் மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். பார்த்ததும் அவர் முகம் மாறியது. எப்போது குத்தியது, என்ன மீன், சர்க்கரை உண்டா என்று மடமடவென்று கேட்டுக்கொண்டே நர்ஸிடம் என்னென்னவோ சொன்னார். ஊசி ஏற்றினார்கள், ரத்தம் எடுத்தார்கள். நீலம் முடிகிற இடத்தில் டாக்டர் பேனாவால் கையைச் சுற்றி ஒரு கோடு போட்டார். பெரிய டாக்டரைக் கூட்டிக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது நீலம் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தது. நானே பார்த்தேன். கோடு உள்ளே போய்விட்டது.

எங்களைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார் அந்தப் பெண் டாக்டர்.

"தோலுக்கு அடியில சதை செத்துக்கிட்டே போகுது. கிருமி ரொம்ப வேகமா பரவுது. மருந்து மட்டும் போதாது. கையை எடுக்கணும், உடனே எடுக்கணும்."

மாமா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். "வலி நின்னுடுச்சுங்களே" என்றார். "காலையில நின்னுடுச்சுங்க. நல்லாத்தான் இருந்தா. டீ போட்டுக் குடுத்தா."

"ஐயா, நரம்பும் செத்துடுச்சு. அதான் வலி தெரியல. நேத்து வலிச்சதுதான் அடையாளம். காயம் இத்துனூண்டு, வலி உயிர் போகுது. அப்படி ரெண்டும் ஒட்டாம இருந்தாலே ஓடி வந்துடணும். கூடவே காய்ச்சல், வாந்தி, வீக்கம் ஏறுறது. அப்புறம் நிறம் மாறி, வலி நிக்குதுன்னா அது ஆறுறது இல்ல."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானாவது பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன்.

அக்காவிடம் சொல்லப் போனோம். அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது, பேச்சு இழுத்தது. ஆனால் நினைவு இருந்தது, பிடிவாதமும் இருந்தது.

"கையை வெட்டுறதா? என்னடி விளையாடுறீங்களா? வலிச்சப்பகூட யாரும் வெட்டல. வலி போனப்புறம் வெட்டுவாங்களாம். நான் கையெழுத்துப் போடமாட்டேன். இந்தக் கை இல்லாம மீனை எதுல பிடிக்கிறது? குண்டூசியை எதுல தூக்குறது?"

மகள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். என்ன சொல்லி இவளை வழிக்குக் கொண்டுவருவது என்று எனக்குத் தெரியவில்லை. அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. மீன் வாங்கி வருகிறவர்களிடம் அவள் நாள் முழுக்கச் சொல்வதையே அவளிடம் சொன்னேன்.

"நான் சொன்னா நம்பமாட்ட. டாக்டர் சொன்னாலும் நம்பமாட்ட. நீயே அமுக்கிப் பாருக்கா."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் வலது கைக் கட்டைவிரலை எடுத்து இடது உள்ளங்கையில் வைத்து அமுக்கினாள். அது கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது, விரலே இறங்கவில்லை. மேலே வந்து முழங்கைக்குக் கீழே அமுக்கினாள். பள்ளம் விழுந்தது. விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். நாங்கள் எல்லோரும் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது எழும்பவில்லை. அவள் குனிந்து கையை முகர்ந்து பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள்.

அவள் முகத்தை நான் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. கட்டிலில் சாய்ந்துகொண்டாள்.

"கெட்டுப்போச்சுடி" என்றாள் மெதுவாக.

பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள். "எங்க வரைக்கும்மா எடுப்பீங்க?"

"தோள் வரைக்கும் போக வேண்டியிருக்கும்."

"நல்ல சதை வர்ற வரைக்கும் எடுத்துடுங்க. பாவம் பார்த்துக் கொஞ்சம் விட்டுடாதீங்க." மாமாவைப் பார்த்தாள். "எதுக்கு மூஞ்சியை அப்படி வெச்சிருக்க? ஒரு கையால தூக்கிக்குறேன் உன் பேரனை. இன்னொரு கை மகளுக்கு இருக்குல்ல?"

தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது என்னைக் கூப்பிட்டாள். காதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். "என் பலகையை எவளுக்காவது தூக்கிக் குடுத்துடாதே. ஒரு கையால துண்டு போடுறது எப்படின்னு வந்து காட்டுறேன் பாரு" என்றாள். அவள் தலைமுடியில், நெற்றிக்கு மேலே, ஒரு செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுக்கக் கை நீட்டினேன், அதற்குள் கதவு மூடிவிட்டது.

கையை எடுத்தார்கள். ஆனால் கிருமி தோளைத் தாண்டி மார்புப் பக்கம் இறங்கிவிட்டிருந்தது. மறுபடியும் உள்ளே கொண்டுபோய் இன்னும் வெட்டினார்கள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். மூச்சுக்குக் குழாய் வைத்திருந்தார்கள், அதனால் ஊரையே வாயால் அளந்தவளுக்குப் பேச வழியில்லை. குழந்தையை உள்ளே விடமாட்டார்கள். ஒரு நல்ல நர்ஸ், மகளைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தையோடு நிற்கச் சொன்னாள். அக்கா கண்ணைத் திறந்து பார்த்தாள். வலது கை படுக்கையிலிருந்து கொஞ்சம் மேலே வந்தது, விரல்கள் விரிந்து மடங்கின. குடு என் கையில என்று கேட்கிறாள். எங்களுக்குத் தெரியாதா? மகள் குழந்தையைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கதறினாள். அதற்கு அடுத்த விடியலில் அக்கா போய்விட்டாள்.

மாமா அந்தப் பெண் டாக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "முதல் நாளே கூட்டிட்டு வந்திருந்தா?"

டாக்டர் பொய் சொல்லலாம் என்று நினைத்திருப்பார், மனசு வரவில்லை. "வலிக்குதுன்னு சொன்னப்பவே வந்திருந்தா, பிழைக்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும்யா" என்றார். மாமா கைகூப்பிவிட்டு வெளியே வந்தார். அவர் அழவில்லை. ஈமக்காரியம் முடிகிற வரைக்கும், அதற்குப் பிறகும் அழவில்லை. மகளுக்கு அதுவே பெரிய பயமாக இருந்தது.

கொட்டகையில் இப்போது யாரும் 'முள்ளு வாயை மூடிடுச்சு' என்று கத்துவதில்லை. அந்த வார்த்தையைச் சொல்ல ஒருத்திக்கும் நாக்கு வராது. அக்காவின் பலகை என் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. தினமும் கழுவிக் கவிழ்த்து வைக்கிறேன். புதிதாக வந்த ஒருத்தி அதில் உட்காரப் பார்த்தாள், நான் பார்த்த பார்வையில் எழுந்து போய்விட்டாள். மாமா பழையபடி ஐஸ் கொண்டுவருகிறார். காலிப் பலகைக்குப் பக்கத்தில் வந்ததும் கை தானாகச் சாக்கைச் சாய்க்கப் போகும், பிறகு நின்றுவிடும். பேசாத மனுஷன் இப்போது எல்லோரிடமும் பேசுகிறார். பேசுவது ஒன்றே ஒன்றுதான். "கையைக் காட்டும்மா. குத்துச்சா? வலி கூடுதா? காய்ச்சல் இருக்கா?" பலகை பலகையாக வந்து கேட்பார். சில பேருக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கும் இருந்தது. "எங்களை வேலை செய்ய விடுங்க மாமா" என்று ஒருநாள் சிடுசிடுத்துவிட்டேன். அவர் அடுத்த பலகைக்குப் போனார்.

போன வாரம் எனக்குக் கெளுத்தி முள் குத்தியது. அதே இடது கை, நடுவிரல் பக்கம். நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு ஐஸில் வைத்தேன். விண்விண்ணென்று தெறித்தது, வழக்கமான வலிதான். மாமா வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். சாயங்காலம் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தபோது வலி குறைந்து நின்றுவிட்டது. பழக்க தோஷம், யோசிக்காமல் வாயை விட்டுவிட்டேன்.

"வலி போயிடுச்சு மாமா."

அவர் கையிலிருந்த மரச் சுத்தியல் கீழே விழுந்தது. நான் ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை, அப்படியே என்னை மீன் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். "ஒண்ணுமில்ல மாமா, சாதாரணமா நின்னுடுச்சு" என்று வழி முழுக்கச் சொன்னேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதே ஆஸ்பத்திரி, அதே பெண் டாக்டர். எங்களைப் பார்த்ததும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. காய்ச்சல் பார்த்தார், நாடி பார்த்தார், பஞ்சால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டார். எல்லாம் தெரிந்தது. விரலை மடக்கச் சொன்னார், மடக்கினேன். "வீக்கம் இல்ல, நிறம் மாறல, உணர்ச்சி நல்லா இருக்கு. சாதாரண முள்ளுக் குத்துதான்யா. இருந்தாலும் வந்தது நல்லது. எப்பவும் இப்படியே வந்துடுங்க" என்றார்.

மாமா நகரவில்லை.

"நான் ஒரு தடவை அமுக்கிப் பார்க்கட்டுங்களா?" என்று டாக்டரிடம் கேட்டார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டினேன். காலமெல்லாம் ஐஸ் உடைத்து மரத்துப்போன கட்டைவிரலை என் புறங்கையில் வைத்து மெதுவாக அமுக்கினார். எடுத்தார். பள்ளம் விழுந்த சதை உடனே எழும்பியது.

"எழும்பிடுச்சு" என்றார். "எழும்பிடுச்சும்மா." அங்கிருந்த பெஞ்சில் அப்படியே உட்கார்ந்து, முகத்தைத் தோளில் கிடந்த ஐஸ் சாக்குத் துணியில் புதைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தார். அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். அவர் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, மறுபடியும் கையை நீட்டினேன்.

"இன்னொரு தடவை பாருங்க மாமா" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அமுக்கினார். மறுபடியும் எழும்பியது.